எல்லோருக்கும் இருபது

அரசு மருத்துவமனையோ தனியாரோ, ஒரு பொது வார்டில் நோயாளிகளின் டி.பி.ஆர். சார்ட்டை வரிசையாகப் புரட்டிப் பாருங்கள். காய்ச்சல் ஆளுக்கு ஆள் வேறாக இருக்கும். நாடித்துடிப்பும் அப்படியே. மூச்சு மட்டும் எல்லோருக்கும் 20. நெஞ்சுச் சளியோடு கிடப்பவருக்கும் 20, கால் எலும்பு முறிந்தவருக்கும் 20, மறுநாள் டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கும் 20. இது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒன்றில் 2008இல் வந்த கட்டுரை, மூச்சு எண்ணிக்கை புறக்கணிக்கப்பட்ட உயிர்க்குறி என்பதைத் தலைப்பிலேயே சொன்னது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, ரத்த அழுத்தத்துக்கு ஒரு கருவி, ஆக்சிஜனுக்கு விரலில் மாட்டும் கிளிப். பொது வார்டில் மூச்சை எண்ண மட்டும் ஆள்தான் வேண்டும். அந்த ஆள் ஒரு முழு நிமிடம் ஒரே கட்டிலருகே நிற்கவும் வேண்டும்.

நான் நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். பி.எஸ்சி. நர்சிங் முதல் வருடத்தில் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு சின்னத் தந்திரத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போம். மூச்சை எண்ணப்போகிறோம் என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அவர் தன் மூச்சைக் கவனிக்க ஆரம்பித்துவிடுவார், எண்ணிக்கை மாறிவிடும். அதனால் நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்காமல், இன்னும் நாடிதான் பார்ப்பதாகக் காட்டிக்கொண்டு, கண்ணை மட்டும் மார்புக்குக் கொண்டுபோக வேண்டும். ஏறி இறங்கினால் ஒன்று. வாட்சில் விநாடி முள் இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுவோம்.

மதுரைப் பக்கத்து வார்டு ஒன்றில், அப்போதுதான் யூனிஃபார்ம் தைத்துப் போட்டிருந்த ஒரு மாணவி இப்படி நின்றுகொண்டிருந்தாள். கட்டிலில் இருந்த பாட்டிக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏந்தாயி, இம்புட்டு நேரமா கையப் புடிச்சுக்கிட்டே நிக்கிற? எனக்கு எதுவும் ஆகிப்போச்சா?”

“ஒண்ணுமில்ல பாட்டி, நாடி எண்ணுறேன்.”

எண்ணி முடித்தவள் என்னிடம் வந்தாள். சார்ட்டைக் காட்டிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: “மேடம், காலைல ஸ்டாஃப் 20ன்னு போட்டிருக்காங்க. எனக்கு 28 வருது. போடலாமா?”

போடச் சொன்னேன். போட்டுவிட்டு ஸ்டாஃப் நர்ஸிடம் போய்ச் சொல்லச் சொன்னேன்.

“நீங்க சொல்லிருங்களேன் மேடம்.”

பாட்டிக்கு அன்றைக்கே ஆக்சிஜன் வைத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு நல்லபடியாக வீட்டுக்கும் போனார். எனக்குள் தங்கிவிட்டவை அந்த மாணவியின் இரண்டு பேச்சுகள்தாம். 28 என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதை எழுத அனுமதி வேண்டியிருந்தது. சொல்ல வேறொருவருடைய வாய் வேண்டியிருந்தது. நான்கு வருட நர்சிங் படிப்பைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: அது கண்ணைத் திறந்துவிடுகிறது, அதே நான்கு வருடத்தில், அதே கட்டடத்தில், வாயை மூடவும் பழக்குகிறது.

கண் திறப்பது எப்படி என்பதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் வெளியே இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. முதல் வருடம் ஃபவுண்டேஷன் லேபில் பொம்மையைக் கிடத்திக்கொண்டு படுக்கை விரிக்கப் பழகுவார்கள். விரிப்பின் மூலைகளைக் கோணமாக மடித்துச் செருக வேண்டும், சுருக்கம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் படித்துவிட்டு வந்த பெண்ணுக்கு இதைச் செய்யும்போது அழுகை வரும். ‘இதுக்கா வந்தோம்?’ ஆனால் ப்ரொசீஜர் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு பத்தியாகப் பிரிந்திருக்கும். இடது பக்கம் செய்முறை, வலது பக்கம் காரணம். விரிப்பில் ஏன் சுருக்கம் கூடாது? ஒரே பக்கமாகப் படுத்திருப்பவரின் தோலில் அந்தச் சுருக்கம் அழுந்தும்; எலும்பு மேடான இடங்களில் ரத்த ஓட்டம் தடைபடும்; தசை செத்துப் புண்ணாகும். கண்ணை ஏன் மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும்? அழுக்கு கண்ணீர்க் குழாய்க்குள் போகாமலிருக்க. அடுத்த கண்ணுக்கு ஏன் புதுப் பஞ்சு? ஒரு கண்ணின் கிருமி மறு கண்ணுக்கு ஏறாமலிருக்க.

நர்சிங்குக்கு எதற்கு டிகிரி என்று கேட்பவர்களுக்கு இந்த வலது பத்தியைத்தான் காட்டுவேன். படுக்கை விரிக்க என் மாணவிகளைவிட வார்டு ஆயாம்மாவுக்கு நன்றாக வரும். காரணம் தெரிந்தவருக்குக் கூடுதலாக வருவது ஒன்று உண்டு: எப்போது செய்யக் கூடாது என்பது. டிஜாக்ஸின் மாத்திரையைப் பற்றி வைவாவில் கேட்காத தேர்வாளர் இல்லை. கொடுப்பதற்கு முன் என்ன பார்ப்பாய்? நாடி. பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால்? கொடுக்க மாட்டேன், டாக்டரிடம் சொல்வேன். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை நிறுத்திவைக்கும் பொறுப்பைப் பாடப்புத்தகமே நர்ஸிடம் கொடுத்திருக்கிறது. சலைன் கணக்கும் அப்படித்தான். 500 மில்லி 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால், 500ஐ 20ஆல் பெருக்கி 240ஆல் வகுத்து நிமிடத்துக்கு 42 சொட்டு வைக்க வேண்டும். கணக்குத் தெரிந்தவள்தான், ஓடிக்கொண்டிருப்பது 42 இல்லை என்று கண்டுபிடிப்பாள்.

கண் திறக்கும் இன்னொரு இடம் குளிப்பாட்டுதல். பதினெட்டு வயதில், சொந்தக்காரர் அல்லாத ஒருவரின் உடம்பைத் தொட்டுத் துடைப்பது நம் வீடுகளில் வளர்ந்த பெண்ணுக்கோ பையனுக்கோ லேசான காரியம் அல்ல. ஸ்க்ரீனை இழுத்துவிட்டு, துடைக்கும் இடத்தை மட்டும் திறந்து மற்றதைப் போர்த்தி, தண்ணீர் ஆறினாலோ அழுக்கானாலோ மாற்றி, முகத்தில் ஆரம்பித்துக் கால்வரை போக வேண்டும். முதல் தடவை கை நடுங்காதவர்கள் குறைவு. நோயாளிக்கும் கூச்சம், கண்ணை மூடிக்கொள்வார். இருவரும் ஏதாவது பேசிக்கொள்வார்கள், ஊர் எது, பிள்ளைகள் எத்தனை பேர் என்று. அந்தப் பேச்சுக்கு நடுவே நடப்பது முழு உடல் சோதனை. குதிகாலில் சிவப்பு ஏறியிருப்பது, முதுகின் அடியில் தோல் நிறம் மாறியிருப்பது, கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கியிருப்பது, எல்லாம் அந்த நேரத்தில்தான் கண்ணில் படும். ரவுண்ட்ஸில் வருகிற யாரும் நோயாளியை உச்சி முதல் பாதம்வரை அப்படிப் பார்ப்பதில்லை. சில சமயம் வேறொன்றும் தெரியும். மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்லிச் சேர்க்கப்பட்ட பெண்ணின் முதுகில், படிக்கட்டு எதுவும் உண்டாக்க முடியாத தழும்புகள். பார்த்துவிட்டு வந்த மாணவி என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “இதை யார்கிட்ட மேடம் சொல்றது?”

கண்ணைத் திறப்பது, வாயை மூடுவது என்ற இந்த இரண்டு இழுப்பும் இந்தத் தொழிலின் ஆதியிலேயே இருக்கின்றன. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றால் நமக்குக் கையில் விளக்கோடு நடக்கும் அம்மையார். கிரிமியப் போர் முடிந்து திரும்பியவர் பிரிட்டிஷ் அரசின் முன் வைத்தது சாவுக் கணக்கு. காயத்தால் செத்த சிப்பாய்களைவிடச் சாக்கடையாலும் நெரிசலாலும் பரவிய நோயில் செத்தவர்கள் எத்தனை மடங்கு என்பதை வட்டமாக விரியும் வரைபடங்களாகப் போட்டுக் காட்டினார். லண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினர் அவர். இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் இந்தியாவில் இருந்த ராணுவத்தின் சுகாதாரம் பற்றி 1863இல் வெளியான ராயல் கமிஷன் அறிக்கைக்கு, கன்டோன்மென்ட் கன்டோன்மென்டாகத் தகவல் வரவழைத்து எழுதிக்கொடுத்தார். 1859இல் அவர் எழுதிய நர்சிங் கையேட்டில் நோயாளியைக் கவனிப்பது எப்படி என்பதற்குத் தனி அத்தியாயமே உண்டு. 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தது. எண்ணுவது, எழுதுவது, எழுதியதை அதிகாரத்தில் இருப்பவர் முகத்துக்கு நேரே நீட்டுவது, இந்த மூன்றும் சேர்ந்துதான் நைட்டிங்கேல்.

முதல் வருட மாணவிகள் விளக்கேற்றி எடுத்துக்கொள்ளும் உறுதிமொழியை அவர் எழுதவில்லை. 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் என்பவர் தலைமையில் ஒரு குழு எழுதி, நைட்டிங்கேல் பெயரைச் சூட்டியது. தூய வாழ்க்கை வாழ்வேன், தீங்கான மருந்து எதையும் கொடுக்க மாட்டேன் என்று போகும் அந்த உறுதிமொழியில், மருத்துவரின் பணிக்கு விசுவாசத்தோடு துணைநிற்பேன் என்ற வாக்கும் வருகிறது. துணைநிற்பதில் தப்பில்லை. ஆனால் நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவே நர்ஸ் தனியாக ஒன்றைப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அந்த வாக்கில் இடமில்லை. கணக்குக் கேட்ட பெண்ணின் பெயரை வைத்துக்கொண்டு, அடங்கி நடக்கும் பெண்ணின் வாக்கைச் சொல்ல வைக்கிறோம்.

நம் மாகாணத்தில் இந்தத் தொழிலுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. சென்னையில் 1854இலேயே மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தொடங்கியது. 1871இல் சென்னை பொது மருத்துவமனையில் நர்சிங் பள்ளி வந்தது. படிக்க வந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், இந்தியக் கிறிஸ்தவப் பெண்கள். மற்ற வீடுகளில் விடவில்லை. அடுத்தவர் ரத்தத்தையும் மலத்தையும் தொடுவது தீட்டு, ஆண் நோயாளியைத் தொடுவது அதைவிடப் பெரிய தீட்டு. வேலூரில் ஐடா ஸ்கடரின் மருத்துவமனையில் 1909இல் நர்சிங் பள்ளி தொடங்கியது. 1926இல் மதராஸ் நர்ஸ்கள், மருத்துவச்சிகள் சட்டம் வந்து பதிவேடு உண்டாயிற்று. 1946இல் நாட்டின் சுகாதாரத்தை ஆராய்ந்த போர் (Bhore) கமிட்டியின் அறிக்கை, நாட்டில் சுமார் 7,000 நர்ஸ்கள்தான் இருக்கிறார்கள், 43,000 பேருக்கு ஒருவர் என்று கணக்குச் சொன்னது. அதே 1946இல் வேலூரிலும் தில்லியிலும் நான்கு வருடப் பட்டப்படிப்பு தொடங்கியது. ஆள் இவ்வளவு பற்றாக்குறையான நாட்டில், சீக்கிரம் பயிற்றுவித்து அனுப்பாமல் நான்கு வருடம் உட்கார்த்திவைத்துப் படிக்கவைப்பது ஆடம்பரம் என்று யாரும் சொல்லியிருக்கலாம்.

அது ஆடம்பரம் இல்லை என்பதற்கு எண்களாகவே சான்று வர வெகுகாலம் ஆயிற்று. 2014இல் லான்செட் இதழில் லிண்டா ஐக்கனும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை எடுத்துக்கொண்டது. பட்டம் பெற்ற நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடும் இடங்களில், 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு நர்ஸின் பொறுப்பில் இன்னும் ஒரு நோயாளி கூடினால் அதே வாய்ப்பு 7 சதவீதம் ஏறியது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். படிப்பு காப்பாற்றுகிறது; ஆள் குறைந்தால் அந்தப் பலன் கரைந்துபோகிறது.

காலையில் 20 என்று எழுதிய அந்த ஸ்டாஃபை நான் குறை சொல்ல மாட்டேன். இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்குப்படி போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர். ஆனால் ஒரே ஸ்டாஃப் ஒரு முழு வார்டைப் பார்க்கும் இரவுகள் நம்மில் யாருக்கும் புதிதல்ல. நாற்பது கட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை மட்டும் முறையாக எண்ணினால் 40 நிமிடம். அதில் 10 பேர் எழுந்திருக்க முடியாதவர்கள் என்றால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க, ஆளுக்கு 5 நிமிடம் வீதம் 50 நிமிடம்; அதற்கு இரண்டு பேர் வேறு வேண்டும். ஊசி, மருந்து, சலைன், அட்மிஷன், கேஸ் ஷீட், அட்டெண்டரோடு சண்டை எல்லாம் இதற்கு வெளியே. வலது பத்தியை முழுக்கத் தெரிந்துவைத்திருக்கும் ஒரு பெண், அதைத் தெரிந்தே விட்டுவிட்டு வேலைபார்க்க வேண்டிய நிலை அது. மாணவி அங்கே போய் நிற்கும்போது முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான்: லேபில் ஒன்று, வார்டில் ஒன்று.

இதோடு சம்பளத்தையும் சேர்க்க வேண்டும். தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் ஊதியம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டு அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. தமிழ்நாட்டில் 2015இல் போட்டித் தேர்வு எழுதி ஒப்பந்த முறையில் அரசுப் பணிக்கு வந்த நர்ஸ்களுக்குத் தொகுப்பூதியம் அப்போது 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தபோதுதான் ஊருக்கு அந்தத் தொகை தெரிந்தது. வேலை நிரந்தரமில்லாதவள், ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டு நிற்கிறவள், “சார், இந்த டோஸ் தப்பு” என்று எந்தத் தைரியத்தில் சொல்வாள்?

கல்லூரிக்கு உள்ளேயும் பழக்கம் வேறு மாதிரி இல்லை. என் வகுப்பில் பாதிப் பேர் டாக்டராகும் கனவோடு பயாலஜி எடுத்தவர்கள். கவுன்சிலிங்கில் கிடைத்தது நர்சிங். மீதிப் பேரில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள், தமிழ் வழியில் படித்துவிட்டு ஆயிரக்கணக்கான பக்கம் உள்ள ப்ரன்னர் பாடப்புத்தகத்தை இங்கிலீஷில் திறப்பவர்கள். கேட்டால் தப்பாகிவிடுமோ என்ற பயத்தோடுதான் வருகிறார்கள். கொண்டையில் ஒரு முடி தொங்கினால் திட்டு, சீனியர் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும், டாக்டர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். ரவுண்ட்ஸில் மாணவியின் கையில் கேஸ் ஷீட் இருக்கும். நோயாளியைப் பற்றிய கேள்விகள் அவள் தலைக்கு மேலே போகும். இரவெல்லாம் பக்கத்தில் இருந்த ஸ்டாஃபிடமே பல நாள் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. நாலாம் வருடம் முடிவதற்குள் அவர்களில் பாதி வெளிநாட்டு வேலைக்கான தேர்வுகளைப் பற்றி, ஓ.இ.டி., என்.சி.எல்.இ.எக்ஸ்., ஜெர்மன் பி2 என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். பணத்துக்காக மட்டும் போகிறார்கள் என்று சொல்வது எளிது. போய் ஒரு வருடம் ஆனவர்கள் போனில் சம்பளத்தைச் சொல்லிவிட்டு, அடுத்ததாகச் சொல்வது இது: “இங்க நாம சொன்னா கேக்குறாங்க மேடம்.”

கேட்கும்படி செய்வதற்கும் முறைகள் உண்டாக்கியிருக்கிறார்கள். பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிஸிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய நியூஸ் (NEWS) என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு நிமிடத்துக்கு 25ஐத் தொட்டால் அது ஒன்றுக்கே 3 மதிப்பெண். ஒரே குறியில் 3 வந்தால் டாக்டரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். கூப்பிடலாமா என்று தயங்க வேண்டியதில்லை. எண் கூப்பிடச் சொல்கிறது. எஸ்பார் என்ற பேச்சு முறை அமெரிக்க அணு நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்தது: இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன செய்ய வேண்டும். மூன்றாவதும் நான்காவதும்தான் முக்கியம். ‘நான் நினைக்கிறேன்’ என்று சொல்ல நர்ஸுக்கு அது ஒரு இடம் ஒதுக்கிவைக்கிறது. வகுப்பில் இதை நடத்துகிறோம், பரீட்சையில் விளக்கம் கேட்கிறோம். அழகாக எழுதிவிடுகிறார்கள்.

எழுதுவது போதாது. 2021இல் வந்த புதுப் பாடத்திட்டம் செமஸ்டர் முறையோடு, ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் செய்துகாட்டும் ஆஸ்கி தேர்வுக்கும் வழிவிட்டிருக்கிறது. கை கழுவுதலுக்கு ஒரு ஸ்டேஷன், ஊசிக்கு ஒன்று, பிபி பார்க்க ஒன்று. இவற்றோடு இன்னொன்று வேண்டும் என்று எங்கள் கூட்டங்களில் கேட்டுவருகிறேன். மேஜைக்குப் பின்னால் தேர்வாளர் சிடுசிடுப்பான மூத்த டாக்டராக உட்கார்ந்திருப்பார். மருந்துச் சீட்டில் பொட்டாசியம் குளோரைடை சலைனில் கலக்காமல் நேராக நரம்பில் போடச் சொல்லி எழுதியிருக்கும். போட்டால் இதயம் நின்றுவிடும். “சீக்கிரம் போடும்மா, எனக்கு வேற வேலை இருக்கு” என்பார் அவர். மாணவி போட மறுக்க வேண்டும், ஏன் என்று சொல்ல வேண்டும். குரல் நடுங்கினால் மார்க் குறைக்க வேண்டாம். ‘ஸாரி சார்’ என்று ஆரம்பித்தாலும் குறைக்க வேண்டாம். சொல்லாமல் திரும்பினால் ஃபெயில்.

“அப்புறம் இவளை எந்த ஆஸ்பத்திரியில வேலைக்கு வெச்சுக்குவான்?” என்று கூடவே பணிபுரியும் ஒருவர் கேட்டார். நியாயமான பயம்தான். வேலைக்குப் போகும் இடத்தில் அவளுக்கு அந்தப் பயம் எப்படியும் கிடைக்கும், அதற்கு நாங்கள் சிரமப்பட வேண்டியதில்லை. நான்கு வருடத்தில் ஒரு தடவையாவது, பார்த்ததை உரியவர் முகத்துக்கு நேரே சொன்னதற்காக மார்க் வாங்கியவளாக அவள் எங்களிடமிருந்து வெளியே போக வேண்டும்.